தாய்ச்செடியும் கணினித் தட்டும்

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அது மலைநாட்டில் வளர்த்த முறைகளுள் ஒன்று, விதைக்குப் பதிலாகத் தாய்ச்செடியின் துண்டத்தை நட்டுப் புதுச்செடி பெறுதலாகும். ஓர் இலையும் கணுவரும்பும் உடைய சிறு தண்டுத்துண்டு தவறணையில் வேரூன்றித் தாயின் மரபியல்பு முழுவதையும் பெற்று வளர்கின்றது. டி.ஆர்.ஐ. 2025 போன்ற வகைகள் இவ்வாறு பெருக்கப்பட்டவை. இவற்றைக் குறிக்கும் ‘குளோன்’ என்னுஞ் சொல்லையே, ஒரு தட்டிலுள்ளதை மற்றொரு தட்டிற்கு முழுமையாகப் படியெடுத்தலைக் குறிக்கக் கணினித்துறையினரும் வழங்குகின்றனர். இவ்வொற்றுமை சொல்லளவில் நிற்பதன்று.

கணினியின் உறுப்புக்களையும் செயலிகளையும் ஆளும் மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படும். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அதன் வகைகள். நெடுங்காலம் அதன் உறைவிடம் வன்தட்டாக இருந்தது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, ஐம்பது பெருந்தகடுகளைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே கொள்ள வல்லதாயிருந்தது. கொள்ளளவு பன்மடங்கு பெருகிய பின்னரும், சுழலுந் தகடும் அதன்மேல் நகரும் வாசிமுனையும் என்னும் அமைப்பு மாறவில்லை. அசையும் உறுப்புத் தேயும், அதிர்ச்சியாற் பழுதுறும். திண்மநிலைத் தட்டிலோ அசையும் உறுப்பு எதுவுமில்லை. வாசிமுனையின் நகர்வாலாகுந் தாமதமும் இல்லை. ஆதலின், பழைய கணினியில் இத்தட்டைப் பொருத்தினால் அதன் வேகம் பெரிதும் உயரும். புதுக்கணினி வாங்க இயலாத தோட்டக் குடும்பத்திற்கு இது சிறு நன்மையன்று.

கோப்புக்களை மட்டும் புதுத்தட்டில் இட்டால் முறைமை இயங்காதோ எனின், இயங்காது. கணினி விழித்தவுடன் முதலில் நாடுவது முறைமையையன்று. அதனை எழுப்பும் தொடக்க நிரலையே. இக்காலக் கணினிகளில் அந்நிரல் தனியானதொரு சிறு பிரிவில், கண்ணுக்குப் புலப்படாதவாறு வைக்கப்பட்டுள்ளது. பெரும் பிரிவை மட்டும் படியெடுப்போர் இதனைக் கைவிட்டு, அரும்பில்லாத தண்டை நட்டவர் போலாவர். மேலும், இயங்கிக்கொண்டிருக்கும் முறைமையின் கோப்புக்கள் பல பயன்பாட்டிற் பூட்டுண்டிருத்தலால், அவற்றைச் சாதாரண முறையிற் படியெடுத்தல் இயலாது. இதனாலேயே குளோன்சில்லா போன்ற கருவியை யூஎஸ்பி நினைவகத்திலிருந்து தொடக்கி, பழைய முறைமை உறங்குகையிற் படியெடுத்தல் நன்று.

செயன்முறை வருமாறு. முதற்கண், பாடக் குறிப்புக்கள், நிழற்படங்கள் முதலியவற்றை மூன்றாவதொரு சேமிப்பகத்திற் காத்தல் வேண்டும். ஏனெனில், மூலத்தட்டையும் இலக்குத்தட்டையும் மாற்றிக் குறிப்பிட்டால், வெறுந்தட்டு நிறைதட்டின்மேற் படியெடுக்கப்பட்டு யாவும் அழியும். தட்டு மறைகுறியிடப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவியையும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். புதுத்தட்டு சிறியதாயின், வேண்டாத கோப்புக்களை நீக்கிப் பிரிவையும் சுருக்குதல் வேண்டும். இது கவ்வாத்துச் செய்தலை ஒக்கும். அடுத்து, எல்லாப் பிரிவுகளையும் ஒருசேரப் படியெடுத்தல் வேண்டும். பின்னர்ப் பழைய தட்டைக் கழற்றிவிட்டே கணினியை முதன்முறை தொடக்குதல் வேண்டும். இரு தட்டுக்களும் ஒரே அடையாள எண்ணை உடையனவாதலால், ஒருங்கிருப்பின் கணினி மயங்கும். புதுத்தட்டு பெரியதாயின், எஞ்சிய இடத்தைப் பிரிவோடு சேர்த்தல் இறுதிப் பணியாகும். சில வாரங்கள் பிழையின்றி இயங்குதல் கண்ட பின்னரே பழைய தட்டை அழித்தல் தகும்.

இனி, படியெடுத்தல் எப்பொழுதும் ஏற்றதோ என்பது ஆராயத்தக்கது. தாயின் நற்குணத்தோடு தீக்குணமும் துண்டத்திற்கு வருதல் போல, பழைய முறைமையிற் புகுந்த நச்சுநிரலும் சிதைந்த கோப்பும் படியிலும் அவ்வாறே அமையும். தட்டின் வேகம் முறைமையின் நோயைத் தீர்க்காது. அன்றியும், விண்டோஸ் 10 முறைமைக்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டும் வன்பொருள் பல பழைய கணினிகளில் இல்லை. அத்தகைய கணினியிற் பழைய முறைமையைப் படியெடுத்தல், காவலற்ற வீட்டைப் புதுநிலத்திற் கட்டுவது போலாகும். அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகையொன்றைப் புதிதாக நிறுவி, காத்து வைத்த கோப்புக்களை மட்டும் மீள இடுதலே அறிவுடைமை. செயலிகளை மீண்டும் நிறுவும் உழைப்பு அதற்குரிய விலையாகும்.

ஆகவே, முதலில் எழ வேண்டிய வினா எக்கருவி கொண்டு படியெடுப்பது என்பதன்று. படியெடுக்கத்தக்க நலம் மூலத்திற்கு உண்டோ என்பதே. தவறணைக்குத் துண்டம் வெட்டுபவர் முதலில் தாய்ச்செடியையே நோக்குவர். கணினியைப் பேணுவோர்க்கும் அம்முறையே பொருந்தும்.