மர்பி டவுனும் மதராஸ் சாப்பர்களும்

பெங்களூர் என்னும் ஊர்ப்பெயர் காணப்படும் மிகப் பழைய கல்வெட்டு, ஒரு வீரனுக்காக எடுக்கப்பட்ட நடுகல்லே என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். நகரின் தெற்கே, பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள அக்கல் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. கன்னட மொழியில் அமைந்தது. பெங்களூர்ப் போரில் உயிர்நீத்த ஒருவனின் செய்தியைக் கூறுவது. தமிழிலும் இம்மரபு மிகத் தொன்மையானது. வீழ்ந்த வீரனுக்குக் கல் தேடுவது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரை உள்ள முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. வெறுங்கல்லுக்கு அத்துணைச் சிறப்பு வந்தது எதனால்? அதில் ஒருவனின் பெயர் இருப்பதனால். பெயர் உள்ளவரை வீரன் உள்ளான். பெயர் மறைந்தால் அவன் வெறும் எண்ணிக்கையாகி விடுகிறான்.

இவ்வுண்மையை எண்ணிப் பார்க்க மர்பி டவுனை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. அல்சூரை அடுத்துள்ள இப்பகுதியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பல, ஏதேனும் ஒரு தலைமுறையில் படையோடு தொடர்புடையவை. பெங்களூர்த் தண்டு 1809-ஆம் ஆண்டில் தோன்றியபோது, படைவீரரோடு வண்டியோட்டிகள், சமையற்காரர், சலவைத் தொழிலாளர், கொத்தர், வணிகர் எனப் பலரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். 1947 வரை இப்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில் தனி நிர்வாகமாக இருந்து, பின்னரே மைசூர் அரசோடு சேர்ந்தது. ஆகவே, "எப்போது பெங்களூர் வந்தீர்கள்?" என்று ஒரு முதியவரைக் கேட்டால், ஆண்டைச் சொல்வதற்குப் பதிலாக, "தாத்தா சாப்பரில் இருந்தார்" என்று விடை வருவது இங்கு வியப்பன்று.

சாப்பர் என்பவர் யார்? சென்னைக் கோட்டையில் 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், ஹைதர் அலியோடு போர் நிகழ்ந்த காலத்தில், மூர்ஹவுஸ் என்னும் அதிகாரி இரண்டு பயனியர் கம்பெனிகளைத் திரட்டினார். பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், அகழி தோண்டுதல், கோட்டைச் சுவரைத் தகர்த்தல் ஆகியவை அவர்தம் தொழில். அந்த மூர்ஹவுஸ் 1791-இல் நம் பெங்களூர்ப் பேட்டையைத் தாக்கிய போரிலேயே மாண்டார். பயனியர்கள் 1831-இல் சாப்பர்கள், மைனர்கள் என்ற பெயர் பெற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படையின் தலைமையிடம் பெங்களூருக்கு வந்தது. விடுதலைக்குப் பின் 'மதராஸ் எஞ்சினியர் குரூப்' என்னும் பெயரில் அல்சூர் ஏரிக்கரைப் பகுதியிலேயே நிலைத்துள்ளது. நம் மக்கள் வாயில் அது 'எம்.இ.ஜி. சென்டர்'.

இப்படையில் சேர்ந்தவர்க்கு ஒரு சிறப்புண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சில இனத்தாரே போருக்கு உகந்தவர் என்னும் கொள்கை ஆங்கிலப் படைத்தலைவர்களிடையே பரவியது. தென்னாட்டார் வீரமற்றவர் என்று ஒதுக்கப்பட்டனர். சென்னை மாகாணத்துக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. அக்காலத்திலும் கலைக்கப்படாமல் நின்றவர்கள் சாப்பர்களே. அவர்களை விட்டால் அந்த வேலையைச் செய்வார் இல்லை என்பதை அதிகாரிகள் கண்டிருந்தனர். ஊரில் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் ஒதுக்கி வைக்கப்பட்ட பிரிவினரும் இப்படையில் இடம்பெற்றனர். அவர்களுக்குப் படை சம்பளத்தை மட்டும் தரவில்லை. எழுத்தறிவையும் கைத்தொழிலையும் தந்தது. தலைநிமிர்ந்து நிற்கும் துணிவையும் தந்தது. தச்சு, கருமான், கொத்து, மின்சாரம் என்று படையில் கற்ற தொழில், ஓய்வுக்குப் பின்னரும் சோறு போட்டது. 1940-இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தோன்றிய தொலைபேசித் தொழிற்சாலையும், நமது இரயில்வேயும் இத்தகைய கைகளை வேண்டி நின்ற காலம் அது.

சாப்பரின் வீரம் சுடுவதில் மட்டும் இல்லை. 1912-இல் இப்படையைச் சேர்ந்த மக்ளிண்டாக் என்னும் அதிகாரி பெங்களூரில் ஒரு கருவியை அமைத்தார். வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, முள்வேலியின் அடியில் தொலைவிலிருந்தே தள்ளி வெடிக்கச் செய்வது அது. 'பெங்களூர் டார்பிடோ' என்னும் பெயரோடு அது உலகெங்கும் பரவி, 1944-இல் நார்மண்டிக் கடற்கரையிலும் வேலிகளைத் தகர்த்து வழி செய்தது.

அதே 1944-இல் இத்தாலியில் மிக்னானோ என்னும் ஊரருகே சுபேதார் சுப்பிரமணியன் செய்ததையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தவரான அவர், பதினோராம் ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சார்ந்தவர். கண்ணிவெடிகளை அகற்றும் வேலையில் தம் ஆட்களை நடத்திச் சென்றபோது, முன்னே சென்ற ஒருவரின் காலடியில் கண்ணி ஒன்று இயங்கிவிட்டது. வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. ஓடித் தப்பியிருக்கலாம். அவரோ தம் உடலை அதன்மேல் கவிழ்த்து, உடன் வந்தவர்களைக் காத்துத் தாம் மாண்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது.

இப்படையினர்க்கு வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி'. பல மொழி பேசும் தென்னாட்டார் இப்படையில் உள்ளனர். ஆனால் அனைவரும் தம்பிகளே. தமிழ்க் குடும்பத்தில் இச்சொல்லின் பொருள் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம்பி என்று ஒருவனை அழைத்துவிட்டால், அவன் வீட்டு நன்மை தீமைகளுக்குப் போய் நிற்கும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. மர்பி டவுனிலும் சுற்றுப்புறங்களிலும் ஓய்வு பெற்ற சாப்பர்கள் இன்றும் இக்கடமையைப் போற்றுகின்றனர். பழைய கம்பெனிக்காரர் ஒருவர் மறைந்தால், வண்ண ரிப்பன் கட்டிய பதக்கங்களை அணிந்து, இடுகாடு வரை உடன் நடப்பவர்கள் உண்டு. மகளின் திருமண அழைப்பிதழை முதலில் பழைய சுபேதார் அண்ணன் வீட்டில் வைத்து வருபவர்கள் உண்டு. செப்டம்பர் 30 வந்தால், நாட்காட்டியில் அந்நாளைச் சுழித்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

படைக்கும் இவ்வீடுகளுக்கும் உள்ள பாசம், செய்தித்தாள் வந்தவுடன் வெளிப்படும். 2010-இல் டில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கும் தறுவாயில், நேரு விளையாட்டரங்கின் அருகே நடைபாலம் சரிந்தது. சில நாட்களுக்குள் அங்கே மாற்றுப் பாலம் அமைத்தவர்கள் மதராஸ் சாப்பர்களே. 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் மலை சரிந்து, சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் இடையே வழி அற்றுப்போன துயரத்தை நாம் மறக்கவில்லை. மழையிலும் சேற்றிலும் இரவு பகலாக உழைத்து, 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை ஆகஸ்டு முதல் நாளே முடித்தவர்கள் நம் அண்டையிலுள்ள எம்.இ.ஜி. படையினர். அப்பணியில் முன்னின்றவர் மேஜர் சீதா ஷெல்கே என்னும் பெண் அதிகாரி. பாட்டன் பர்மாவில் பாலம் கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த பேரன், தொலைக்காட்சியில் அப்பாலத்தைக் கண்டு, "இது நம் படை" என்று கூறுவதில் தவறென்ன?

எனினும், பெருமை ஒன்றினால் நினைவு நிலைக்காது என்பதையே இக்கட்டுரை வற்புறுத்த விரும்புகிறது.

முதல் உலகப் போரில் மெசபடோமியா நாட்டிற்குச் சென்ற இந்தியப் படைகளில் சென்னைச் சாப்பர்களும் இருந்தனர். அங்கு மாண்டவர்க்காக 1929-இல் பாஸ்ராவில் நினைவுச் சுவர் எழுப்பினர். ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டன. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். சாதாரணச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டுமே. ஒரு படையின் பெயர், அதன் கீழ் "மற்றும் இத்தனை பேர்" என்னும் குறிப்பு, அவ்வளவே. தாய் இட்ட பெயர் அங்கு இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இக்குறையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படவில்லை, அல்லது அறவே நினைக்கப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறுகிறது. இரண்டாம் உலகப் போரில் நிலைமை திருந்தியது. ரங்கூனை அடுத்த தௌக்கியானில் உள்ள நினைவிடத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. விடுதலைக்குப் பின் மாண்டவர்களின் பெயர்களை டில்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் காணலாம்.

அரசு எண்ணிக்கையாக மாற்றிய பெயரை நூறாண்டு காலம் காத்தது எது? எங்கோ ஒரு தெருவில், ஒரு வீட்டுச் சுவரில் மாட்டிய மங்கிய புகைப்படமும், அதன் கீழ் நின்று, "இவர் உன் கொள்ளுப்பாட்டன்" என்று கூறிய பாட்டியின் வாயுமே. அப்பாட்டி மறைந்து, வீடு இடிக்கப்பட்டு, அடுக்குமாடி எழும்போது, பழைய டிரங்குப் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. அதனுள் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகமும் உடன் போய்விடுகிறது.

அப்புத்தகத்தின் அருமை துன்ப காலத்தில்தான் தெரியும். நாள்தோறும் இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு பழகுபவன் என்னும் முறையில் இதனை அழுத்திக் கூறுகிறேன்: காகிதத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால், வாழ்வில் ஓராண்டு அலைச்சல். படைவீரர் மறைந்தபின் அவர்தம் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க, மனைவியின் பெயரும் பிறந்த நாளும் சேவைப் பதிவில் ஒழுங்காக இருத்தல் வேண்டும். திருமணம், குழந்தைப் பேறு ஆகியவை படையினர் 'பார்ட் டூ ஆர்டர்' என்று கூறும் முறைப்படி பதிவாகியிருத்தல் வேண்டும். நம்மவர்க்கோ தலைப்பெழுத்து ஒரு தொல்லை. ஓரிடத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து. மற்றோரிடத்தில் அதே பெயர் முழுமையாக. ஆதார் அட்டையில் அது பின்னே. படைப் பதிவில் 'பாக்கியம்', வங்கியில் 'பாக்கியம்மாள்', வாக்காளர் பட்டியலில் 'பாக்கியலட்சுமி' என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அந்த அம்மையார் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்! ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறைக்கு மாறிவரும் இக்காலத்தில், பொறி பெயரின் எழுத்தைத்தான் பார்க்கும். அம்மையாரின் கண்ணீரைப் பார்க்காது.

பழைய தோழர்களின் உறவு பயன் தருவது இங்குதான். கணவரோடு ஒரே கம்பெனியில் இருந்தவர் எழுந்து வந்து, ரெக்கார்ட் ஆபீசில் எந்தச் சன்னலில் நிற்பது, எந்தத் தாளை இணைப்பது என்று வழிகாட்டினால், பாதித் துயரம் தீர்ந்துவிடும். படை உறவு என்பது கொடியும் குழலோசையும் மட்டுமன்று. விதவையோடு வரிசையில் நிற்பதும் அதுவே.

இன்னொன்றும் நம் எண்ணத்திற்குரியது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி, புதிதாகச் சேரும் இளைஞருள் கால் பங்கினர் வரையே நான்காண்டுகளுக்குப் பின் படையில் நிலைக்கலாம்; ஏனையோர் ஓய்வூதியமின்றி வீடு திரும்புவர். அத்திட்டம் நன்றா தீதா என்னும் வழக்கிற்குள் யான் புக விரும்பவில்லை. ஆனால் பாட்டனும் தந்தையும் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒரே படையில் கழித்ததனால் வளர்ந்த உறவு, நான்கே ஆண்டுகளில் தானே வளர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. திரும்பிவரும் அவ்விளைஞரையும் 'தம்பி' என்றழைத்து அணைத்துக்கொள்ளும் பொறுப்பு, முன்னைவிட இப்போது மூத்தவர்க்கு மிகுதி.

ஆதலின், மர்பி டவுன் வாழ் அன்பர்கட்கும், நம் சங்கத்தைச் சார்ந்த பிற பகுதிக் குடும்பங்கட்கும் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வீட்டில் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, பதக்கம், புகைப்படம் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து, அவற்றின் நகல்களை வேறோரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கணவரும் மனைவியும் உயிரோடிருக்கும்போதே, பெயரிலும் பிறந்த நாளிலும் உள்ள முரண்களைத் திருத்திக்கொள்ளுங்கள். மறைவுக்குப் பின் திருத்துவது மலையைப் புரட்டுவதாகும். மூன்றாவது, வீட்டிலுள்ள முதியவரை அமரவைத்து, அவர்தம் பெயர், படை எண், கம்பெனி, பணிசெய்த ஊர்கள், உடனிருந்த தோழர்கள் ஆகியவற்றைக் கேட்டு, பள்ளி செல்லும் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதட்டும். போரில் மாண்ட முன்னோர் உண்டாயின், போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அவர் பெயரைக் கட்டணமின்றித் தேடலாம். கல்லில் பொறிக்கப்படாத பெயரும் அப்பட்டியலில் கிடைக்கக்கூடும்.

இவ்வேலைக்குப் பெரும் பொருள் வேண்டா. ஓர் ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். வரும் செப்டம்பர் 30-க்குள் நம் வீடுகளில் பத்து நோட்டுப் புத்தகங்களேனும் நிரம்புமாயின், அப்பத்துப் பெயர்களும் இனி வெறும் எண்ணிக்கை ஆகா.