ரோசல் என்றொரு ஊர்

ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கிறது சதர்லாந்து. ஆனால் பெயருக்குப் பொருள் ‘தென்னாடு’. அதற்கும் வடக்கே ஓர்க்னித் தீவுகளில் இருந்த நார்ஸ் மக்களுக்கு அது தெற்குதானே! இன்று அங்கே நேவர் ஆற்றை ஒட்டிக் காரில் போகிறவர்கள், மனிதக் காலடி படாத நிலம் என்று வியக்கிறார்கள். அந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடிவதில்லை. அங்கே ஊர்கள் இருந்தன.

ரோசல் அவற்றில் ஒன்று. நீண்ட வீடுகள், ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் மாடுகள். ஓட்ஸும் பார்லியும் பயிர். கோடையில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப்போய்க் குடிசை போட்டுத் தங்குவார்கள். வீட்டில் பேசியது கேலிக் மொழி.

நிலமோ சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத்துடையது. குடியானவர்கள் கட்டிய வாடகையைவிட ஆட்டுப்பண்ணைக் குத்தகை கொழுத்தது. 1814இல் நேவர் பள்ளத்தாக்கைக் காலி செய்யத் தொடங்கினார்கள். முன்னின்று நடத்திய எஸ்டேட் நிர்வாகி பேட்ரிக் செல்லரே அங்கே ஆட்டுப்பண்ணைக் குத்தகையும் எடுத்திருந்தார். வீடுகளின் உத்தரங்களைக் கொளுத்தினார்கள். மரம் அரிதான அந்த நாட்டில் உத்தரம்தான் சொத்து. அதைச் சுமந்துபோனால் வேறிடத்தில் கூரை எழுப்பலாம். சாம்பலாகிவிட்டால் போன இடத்திலும் வீடில்லை, திரும்பி வரவும் வழியில்லை. எரிந்த வீட்டிலிருந்து தூக்கி வரப்பட்ட மூதாட்டி ஒருவர் சில நாளில் இறந்துபோனார். வழக்கு நடந்தது, 1816இல் இன்வெர்னஸில் செல்லர் விடுதலையானார். 1819இல் இன்னும் பல ஊர்கள் காலியாயின.

துரத்தப்பட்டவர்களுக்குக் கடலோரத்தில், பெட்டிஹில் போன்ற இடங்களில், துண்டு நிலம் கிடைத்தது. அதை மட்டும் நம்பி வயிறு நிறையாது. மீன் பிடித்துப் பிழைக்கட்டும் என்பது எஸ்டேட்டின் கணக்கு. மாடு மேய்த்தவர்களுக்குக் கடல் எப்படிப் பழகும்? பலர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். 1886இல் வந்த ஒரு சட்டம், இருந்த துண்டு நிலத்திலிருந்து இனி எளிதில் விரட்ட முடியாது என்ற காப்பைத் தந்தது. பள்ளத்தாக்கைத் திருப்பித் தரவில்லை.

ரோசலில் 1962இல் தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டி அளந்தபோது, ஏறத்தாழ 70 கட்டடங்களின் தடங்கள் தெரிந்தன. இன்று போனாலும் அடையாளம் காணக் கண் போதும். ஊர் இருந்த இடத்தில் புல் பச்சைப்பசேல் என்றிருக்கும். தலைமுறை தலைமுறையாக எரு போட்டுப் பண்படுத்திய மண் அது. அதன் ஓரமாக, மழைநாட்டின் ஈரத் தானியத்தை உலர்த்தக் கட்டிய சூளையின் கற்கள் இன்னும் கிடக்கின்றன.