எலக்ட்ரிக் டைப்ரைட்டர் வாங்கலாமா? ஆசைக்கும் ஒரு கணக்கு போடுவோம்!



போன வாரம் நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறார். வயசு 26. கைக்கு வர்ற சம்பளம் 23,000 ரூபாய்.

"சார், எனக்குக் கதை எழுதுற பழக்கம் இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து போனை எடுத்தா, ரெண்டு வரி எழுதுறதுக்குள்ள ரீல்ஸ்ல போய் நிக்கிறேன். ஆன்லைன்ல ஒரு பழைய எலக்ட்ரிக் டைப்ரைட்டர் பார்த்தேன். 24,000 சொல்றாங்க. கார்டுல இ.எம்.ஐ. போட்டு வாங்கலாமா?"

படிச்சதும் சிரிச்சுட்டுப் போயிடாதீங்க. ஒரு மாசச் சம்பளத்தை விட அதிக விலையுள்ள பொருள் இது. இவருக்கு டைப்ரைட்டர், உங்களுக்கு அது கேமராவா இருக்கலாம், கிட்டாரா இருக்கலாம், கேமிங் லேப்டாப்பா இருக்கலாம். கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

அந்த மெஷின்ல அப்படி என்ன இருக்கு?

சாதாரண டைப்ரைட்டர்ல எழுத்தை அடிக்கிற பலம் உங்க விரல்ல இருந்து வரணும். சுண்டு விரலால் அடிக்கிற 'a' மங்கலா விழும், ஆள்காட்டி விரலால் அடிக்கிறது அழுத்தமா விழும். எலக்ட்ரிக் டைப்ரைட்டர்ல உள்ளே ஒரு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க விசையை லேசா தொட்டா போதும், அடிக்கிற வேலையை மோட்டார் பார்த்துக்கும். எல்லா எழுத்தும் ஒரே அழுத்தத்தில் விழும். வரி முடிஞ்சா கையால் தள்ள வேண்டாம், ஒரு விசை போதும்.

இதுல ரொம்பப் பேர் தேடுறது ஐ.பி.எம். செலக்ட்ரிக். 1961 ஜூலை 31-ல அறிமுகமாச்சு. தனித்தனி எழுத்துக் கம்பிகளுக்குப் பதிலா கோல்ஃப் பந்து மாதிரி ஒரு உருண்டை. அதைச் சுத்தி 88 எழுத்து, குறிகள். விசையைத் தொட்டதும் அந்த உருண்டை சாய்ஞ்சு, திரும்பி, சரியான எழுத்தைக் காகிதத்தில் பதிக்கும். உருண்டையை மாத்தினா எழுத்தோட வடிவமே மாறிடும். 1986-ல நிறுத்துற வரைக்கும் 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல வித்துச்சு.

இன்னைக்கு இதை விரும்புறவங்க சொல்ற காரணம் வேற. இதுல நோட்டிஃபிகேஷன் வராது. நினைச்ச உடனே அழிச்சு அழிச்சு மாத்த முடியாது. அதனால வாக்கியத்தை மனசுல முடிச்சிட்டு அடிப்பீங்க. அடிச்ச பக்கம் கையில் இருக்கும். எழுதுறதுக்கு மட்டும் ஒரு இடம், எழுதுறதுக்கு மட்டும் ஒரு பொருள். கவனம் சிதறுற காலத்துல இது நியாயமான தேவைதான்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல

கோத்ரெஜ் 1955-லேயே இந்தியாவில் டைப்ரைட்டர் தயாரிக்க ஆரம்பிச்சது. மெட்ராஸ்ல ராயலா கார்ப்பரேஷன், ஹால்டா டைப்ரைட்டர்களைத் தயாரிச்சது. தமிழுக்குத் தட்டச்சுப் பொறி உருவாக்கினவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா. கோத்ரெஜ் 2009-ல உற்பத்தியை நிறுத்தின பிறகும், தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் மூடலை. காரணம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற தட்டச்சுத் தேர்வு. இங்கிலீஷ் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல டைப்பிஸ்ட் பதவிக்கு இந்தச் சான்றிதழ் வேணும். இதை மனசுல வைங்க, பின்னாடி வர்றேன்.

நான் ஆர்ட்டிக்கிள்ஷிப்ல இருந்தப்ப கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆடிட் போயிருந்தேன். சொத்துப் பதிவேட்டை வச்சுக்கிட்டு ஒவ்வொரு பொருளா சரிபார்க்கிற வேலை. ஸ்டோர்ஸ்ல உறை போட்டு மூடின ஒரு எலக்ட்ரிக் டைப்ரைட்டர். பதிவேட்டில் அதன் மதிப்பு 1 ரூபாய். தேய்மானம் முழுசா போட்டு முடிச்சாச்சு. ஸ்டோர் கீப்பர் பிளக்கைச் சொருகினார். ஓடிச்சு! பழைய பொருளுக்குப் புத்தகத்தில் ஒரு மதிப்பு, பயன்படுத்துறவருக்கு ஒரு மதிப்பு, ஆன்லைன்ல ஒரு மதிப்பு. மூணும் மூணு வேற எண்கள். நீங்க வாங்கும்போது கேட்க வேண்டியது நடுவுல இருக்கிற எண்ணை மட்டும்.

விலை 24,000 இல்ல

முதல் கேள்வி: மெஷின் எந்த நாட்டுக்காகச் செஞ்சது? அமெரிக்க மாடல்னா 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரா சொருகினா மோட்டார் புகைஞ்சிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். அது வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. அதனால செலக்ட்ரிக் மாதிரி மெஷின்ல மோட்டார் ஆறுல ஒரு பங்கு வேகம் குறைஞ்சு ஓடும்.

ரெண்டாவது: உள்ளே இருக்கிற பழைய கிரீஸ் இறுகிப் போயிருக்கும். சர்வீஸ் இல்லாம ஓடாது. பிளாஸ்டிக் பாகங்கள் விரிசல் விட்டிருந்தா ஸ்பேர் தேடணும். ரிப்பன் வேற.

மூணாவது: எலக்ட்ரிக்கா, எலக்ட்ரானிக்கா? விற்கிறவங்க ரெண்டையும் ஒரே பேர்லதான் போடுறாங்க. எலக்ட்ரானிக்ல சர்க்யூட் போர்டு இருக்கும். அது போனா மெக்கானிக்கால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது.

நாலாவது, முக்கியமானது: நீங்க எழுதுறது தமிழா, இங்கிலீஷா? சந்தையில் வர்ற எலக்ட்ரிக் மெஷின்கள் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். தமிழ்ல கதை எழுதுறவருக்கு இது 24,000 ரூபாய் அலங்காரப் பொருள்!

சரி, உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மெஷின் 24,000. டிரான்ஸ்ஃபார்மர் 2,500. சர்வீஸ், ரிப்பன் 3,500. மொத்தம் 30,000. வாரம் ரெண்டு தடவை, ரெண்டு வருஷம் எழுதினா 208 தடவை. ஒரு தடவைக்குச் சுமார் 144 ரூபாய். ஒரு சினிமா டிக்கெட் மாதிரி, தப்பே இல்ல. ஆனா 10 தடவை அடிச்சிட்டு மூடி வச்சா? ஒரு தடவைக்கு 3,000 ரூபாய். பொருளோட உண்மையான விலையை முடிவு பண்றது கடைக்காரர் இல்ல, உங்க பழக்கம்.

இ.எம்.ஐ. போட்டா?

24,000 ரூபாயை 16% வட்டியில் 12 மாச கார்டு இ.எம்.ஐ.யா மாத்தினா மாசம் சுமார் 2,178 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 2,130. அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., அது ஒரு 384. பிராசஸிங் கட்டணம் 199-னு வச்சா அதுக்கும் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 2,750 ரூபாய் கூடுதல். டிரான்ஸ்ஃபார்மர் காசு வட்டியிலேயே போச்சு.

"வரியில் கழிக்கலாமா சார்?" சம்பள வருமானத்துக்கு எதிரா இந்த மாதிரி செலவைக் கழிக்க முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் மட்டும்தான். எழுத்து மூலமா தனியா தொழில் வருமானம் வந்து, அதுக்கு முறையா கணக்கு வச்சிருந்தா, மெஷினுக்கு வருஷம் 15% தேய்மானம் கோரலாம். வருமானம் வர்றதுக்கு முன்னாடி அந்தக் கனவு வேண்டாம்.

"பழைய பொருள், விலை ஏறும்ல?" இதுக்கு ஒரு உண்மைச் சம்பவம். அமெரிக்க எழுத்தாளர் கார்மக் மெக்கார்த்தி 50 டாலருக்கு ஒரு பழைய ஒலிவெட்டி டைப்ரைட்டர் வாங்கினார். கையால் அடிக்கிற மாடல்தான். பல வருஷம் அதில்தான் நாவல்கள் எழுதினார். 2009-ல அது ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போச்சு. பணத்தை ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுத்துட்டார். அவருக்கு மாத்து மெஷினா நண்பர் வாங்கிக் கொடுத்த அதே மாடலோட விலை? 11 டாலர், தபால் செலவு தனி. ஒரே மாடல் மெஷின்தான். விலை ஏறினது இரும்புக்கு இல்ல, அதுல எழுதினதுக்கு.

அப்போ என்ன பண்ணலாம்?

நான் வேண்டாம்னு சொல்லலை. வரிசையை மாத்தச் சொல்றேன்.

1. மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி இருக்கா? இவர்கிட்ட கேட்டேன், இல்லைன்னார். அதுதான் முதல். ஒப்பந்த வேலையோ, ஷிஃப்ட் வேலையோ, ஒரு மாசம் சம்பளம் தள்ளிப் போனா வாடகையை டைப்ரைட்டர் கட்டாது.

2. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மாசம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல சேருங்க. கும்மிடிப்பூண்டியோ, திருவள்ளூரோ, உங்களுக்குப் பக்கத்தில் எங்கே இருந்தாலும் விசாரிங்க. மாசக் கட்டணம் மெஷின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். தமிழ் மெஷினும் அங்கே கிடைக்கும். ஷிஃப்ட் முடிஞ்சு அந்தச் சத்தத்துக்கு நடுவுல உட்கார உங்களுக்குப் பிடிக்குதான்னு அங்கேயே தெரிஞ்சிடும். பிடிச்சா தேர்வும் எழுதுங்க. சான்றிதழ் கையில் இருந்தா நாளைக்கு ஒரு கதவு கூடுதலா திறக்கும்.

3. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, மாசம் 2,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. 12 மாசத்தில் 24,000-ம், மேல கொஞ்சம் வட்டியும். இ.எம்.ஐ.யில் நீங்க வட்டி கட்டுறீங்க, ஆர்.டி.யில் வங்கி கட்டுது.

4. அந்த 12 மாசமும் எழுதிக்கிட்டே இருங்க. 30 ரூபாய் நோட்டு, 10 ரூபாய் பேனா, போன் அடுத்த ரூம்ல. நோட்டு நிறைஞ்சா மெஷின் வாங்குற தகுதி உங்களுக்கு வந்தாச்சு. நிறையலைன்னா, 30,000 ரூபாய் மிச்சம்.

5. வாங்கும்போது நேர்ல போங்க. பிளக் சொருகி, ஒரு முழுப் பக்கம் அடிச்சுப் பாருங்க. பின்னாடி ஒட்டியிருக்கிற தகட்டில் வோல்டேஜைப் படிங்க. "ஓடும் சார், சர்வீஸ் மட்டும் பண்ணணும்"னு சொன்னா, ஓடலைன்னு எடுத்துக்கிட்டு விலை பேசுங்க.

ஆசைப்படுறது தப்பு இல்ல நண்பர்களே. அடுத்த மாசச் சம்பளத்தை இந்த மாச ஆசைக்கு அடகு வைக்கிறதுதான் தப்பு. நீங்க இப்போ வாங்க நினைச்சுக்கிட்டு இருக்கிற பொருளை எடுத்துக்கோங்க, மொத்தச் செலவை எழுதுங்க, எத்தனை தடவை பயன்படுத்துவீங்கன்னு மனசாட்சியோட வகுத்துப் பாருங்க. வர்ற எண் உங்களுக்குச் சரின்னு பட்டா, தாராளமா வாங்குங்க!