ஸ்மார்ட் கைக்கடிகாரம் வாங்கும் முன்

கட்டாரில் வேலை செய்யும் நானா விடுமுறையில் வந்தபோது உம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் கைக்கடிகாரம் கொண்டு வந்தார். உம்மாவுக்குச் சீனி வருத்தம். தினமும் நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எத்தனை அடி நடந்தோம் என்பதைக் கடிகாரம் காட்டினால் உம்மாவுக்கு உற்சாகமாக இருக்கும் என்பது நானாவின் எண்ணம். அழகான கடிகாரம், விலையும் அதிகம். ஆனால் அதை ஒவ்வோர் இரவும் சார்ஜ் செய்ய வேண்டும். வீட்டு வேலை எல்லாம் முடித்துப் படுக்கப் போகும் உம்மாவுக்கு அது நினைவில் இருப்பதில்லை. விடிந்து நடக்கப் புறப்படும்போது கடிகாரம் இருண்டு கிடக்கும். மூன்று வாரம் சென்றதும் அது அலுமாரி லாச்சிக்குள் போய்விட்டது. "நான்தான் மறதிக்காரி" என்று உம்மா தன்னையே குறை சொல்லிக்கொண்டார்.

உண்மையில் தவறு உம்மாவிடமும் இல்லை, கடிகாரத்திலும் இல்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. "இந்தக் கடிகாரம் யாருக்காக, என்ன வேலை செய்ய வேண்டும்?" என்பதே அந்தக் கேள்வி. மின்கலம் எத்தனை நாள் தாங்கும் என்பதன் விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

இன்றைய கையடக்கத் தொலைபேசிகள் பலவற்றின் மின்கலம் 5000 மில்லி அம்பியர் மணித்தியாலம் அளவுடையது. கைக்கடிகாரத்துக்குள் இருப்பதோ பெரும்பாலும் 500 ஐத் தாண்டாது. இதை ஒரு சிறிய தண்ணீர்த் தாங்கி என்று வைத்துக்கொள்வோம். தாங்கியைப் பெரிதாக்க மணிக்கட்டில் இடமில்லை. ஆகவே தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்பதை, திறந்திருக்கும் குழாய்களே தீர்மானிக்கின்றன.

முதலாவது குழாய் திரை. 2012 ஆம் ஆண்டு கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவான பெபிள் என்ற கடிகாரம், வெளியிலிருந்து விழும் ஒளியைத் தெறிக்கச் செய்து எழுத்தைக் காட்டும் கறுப்பு வெள்ளைத் திரையைக் கொண்டிருந்தது. அது ஏழு நாள் வரை ஓடும் என்றார்கள். 2015 இல் ஒளிரும் வண்ணத் திரையுடன் வந்த முதலாவது அப்பிள் கடிகாரத்துக்கு அந்நிறுவனம் கூறிய அளவு 18 மணித்தியாலம். இன்று பல கடிகாரங்களில் உள்ள அமொலெட் திரையில் கறுப்பாகத் தெரியும் புள்ளிகள் அணைந்தே இருக்கும். எனவே கறுப்புப் பின்னணியைத் தெரிவு செய்தால் மின் மிச்சமாகும். திரையை எந்நேரமும் ஒளிர விட்டால் மின்கலம் தாங்கும் நாட்கள் ஏறக்குறைய அரைவாசியாகிவிடும்.

இரண்டாவது, கடிகாரத்தின் மூளை. அப்பிள், சம்சுங் போன்றவற்றின் கடிகாரங்கள் தொலைபேசியைப் போலவே புதிய செயலிகளை ஏற்றி இயக்க வல்லவை. அதற்கு விலையாக ஒன்று அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கின்றன. 2018 இல் ஹுவாவி வெளியிட்ட வோச் ஜீ.டீ. வேறு வழியில் சென்றது. அதில் இரண்டு சில்லுகள். சில்லறை வேலைகளைக் குறைந்த மின்னில் ஓடும் சிறிய சில்லு பார்த்துக்கொள்ளும். பாரமான வேலை வரும்போதுதான் பெரிய சில்லு விழிக்கும். இரண்டு வாரம் தாங்கும் கடிகாரம் அப்படித்தான் சாத்தியமானது. செயலிகள் குறைவு, நாட்கள் அதிகம்.

மூன்றாவது, இடத்தைக் கண்டறியும் ஜீ.பீ.எஸ். செய்மதிகளிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை இடைவிடாது கேட்டுக்கொண்டிருப்பது சிறிய மின்கலத்துக்குப் பெரும் சுமை. கார்மின் நிறுவனத்தின் இன்ஸ்டிங்ட் 2 சாதாரண பாவனையில் 28 நாள் வரை ஓடும் என்கிறது அந்நிறுவனம். அதே கடிகாரத்தில் ஜீ.பீ.எஸ். தொடர்ந்து இயங்கினால் 30 மணித்தியாலம்தான். கடிகாரம் ஒன்று, மின்கலமும் ஒன்று, கணக்கு இரண்டு!

பெட்டியில் அச்சிட்டிருக்கும் நாட்களை எப்படி வாசிப்பது என்பதும் இதிலிருந்து விளங்கும். "வரை" என்ற சிறிய சொல்லைக் கவனியுங்கள். ஹுவாவி வோச் ஜீ.டீ. 4 இன் பெரிய வகைக்கு அந்நிறுவனமே இரண்டு அளவுகளைத் தருகிறது: உச்ச அளவு 14 நாள், வழமையான பாவனையில் 8 நாள். எட்டைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது. கடிகாரங்களில் உள்ள லிதியம் அயன் மின்கலம், சார்ஜ் ஏறித் தீரும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. சில நூறு சுற்றுகளின் பின்னர் அதன் கொள்ளளவு 80 சதவீதம் அளவுக்குக் குறைவது வழமை. நாள்தோறும் சார்ஜ் செய்தால் வருடத்துக்கு 365 சுற்று. பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் 36 அல்லது 37 சுற்றுத்தான். மேலும், 18 மணித்தியாலக் கடிகாரம் ஐந்தில் ஒரு பங்கை இழந்தால் ஏறக்குறைய 14 மணித்தியாலத்தில், அதாவது படுக்கப் போகும் முன்னரே அணைந்துவிடும். பத்து நாள் கடிகாரம் அதே அளவை இழந்தாலும் எட்டு நாள் ஓடும். பெரும்பாலான கடிகாரங்களில் மின்கலத்தை நாமாகக் கழற்றி மாற்ற முடியாது. ஆகவே நீண்ட நாள் தாங்கும் கடிகாரம் வசதி மட்டுமல்ல, கொடுத்த பணத்துக்கு நீண்ட ஆயுளும்கூட. மின்கலத்துக்கு வெப்பம் பகை என்பதால், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அதை விட்டுச் செல்லாதீர்கள். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு, இரவுதோறும் சார்ஜ் செய்யத் தேவையில்லாத பொருளின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போனால் கேட்க வேண்டியவை சில உண்டு. நம்மிடமுள்ள தொலைபேசியுடன் இது இயங்குமா? அப்பிள் கடிகாரத்துக்கு ஐபோன் வேண்டும். 2021 முதல் வந்த சம்சுங் கடிகாரங்களுக்கு அன்ட்ரொயிட் தொலைபேசி வேண்டும். சார்ஜ் செய்யும் வயர் தொலைந்தால் வேறு கிடைக்குமா? கடிகாரத்துக்குக் கடிகாரம் அது வேறுபடும். வழமையான பாவனையில் எத்தனை நாள்? உத்தரவாதம் எவ்வளவு காலம், அதில் மின்கலமும் அடங்குமா?

இன்னொன்று. சில மலிவான கடிகாரங்கள் நீண்ட மின்கலத்துடன், "ஊசி குத்தாமலே இரத்தச் சீனியை அளக்கும்" என்றும் விளம்பரம் செய்கின்றன. இவ்வாறு தாமாகவே சீனியை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. நடந்த அடிகளைக் கடிகாரம் எண்ணட்டும். சீனியை ஆய்வுகூடமும் குளுக்கோமீட்டரும் அளக்கட்டும்.

மாணவிகளாகிய நமக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை மண்டபத்துக்குள் ஸ்மார்ட் கைக்கடிகாரத்துக்கு இடமில்லை. நேரம் பார்ப்பது மட்டுமே தேவை என்றால், 1989 முதல் விற்பனையில் இருக்கும் கெசியோவின் எப் 91 டபிள்யூ போன்ற சாதாரண கடிகாரம் ஒரே மின்கலத்தில் ஏறக்குறைய ஏழு வருடம் ஓடும். தோழியின் கையில் இருப்பதால் நமக்கும் வேண்டும் என்று வாப்பாவிடம் கேட்கும் முன், நமக்கு அது என்ன வேலை செய்யப்போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். மூன்று வரி எழுத முடியாவிட்டால் இப்போதைக்குத் தேவையில்லை.

உம்மாவுக்காக நாங்களும் எழுதிப் பார்த்தோம். அடிகளை எண்ண வேண்டும், நேரம் பெரிதாகத் தெரிய வேண்டும், அடிக்கடி சார்ஜ் கேட்கக் கூடாது. மூன்றே வரிகள். அதற்கேற்றாற்போல், முன்னையதைவிட மிகவும் விலை குறைந்த ஒன்று கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் சமையல் தொடங்கும்போது உம்மா அதைச் சார்ஜில் போடுகிறார். சோறு வேகும் முன் கையில் கட்டிக்கொள்கிறார். முதலாவது கடிகாரத்தை நானா தன்னோடு கட்டாருக்கு எடுத்துச் சென்றார். இரவில் தொலைபேசியைச் சார்ஜ் செய்யும்போது அதையும் பக்கத்தில் வைப்பது அவருக்குப் பழக்கம். வேலைத்தலத்தில் அழைப்புகளைப் பார்க்க அது நன்றாக உதவுகிறதாம்.

உம்மா இப்போது தன்னை மறதிக்காரி என்று சொல்வதில்லை.