மதுரைக் கல்யாணம், மும்பைக் கதை

இந்தி சினிமாவுக்குக் காஞ்சிபுரம் என்றால் புடவை. ஜெமினி கணேசனின் மகள் ரேகா, விருது விழாவுக்கு விருது விழா காஞ்சிப் பட்டிலேயே வந்து நின்று அதற்கு மும்பையில் ஒரு மகாராணிக் களையே உண்டாக்கிவிட்டார். திரையிலோ, ஒரு பெண்ணைத் தமிழச்சி என்று காட்ட ஒரு பட்டுப்புடவை, இரண்டு முழம் மல்லிகை, பின்னால் ஒரு கோபுரம் போதும் என்று அங்குள்ள பல இயக்குநர்கள் நினைக்கிறார்கள்.

இந்தச் சாமான்களை நம்பி ஏமாற்றிய படம் 'மீனாட்சி சுந்தரேஷ்வர்'. கரண் ஜோஹரின் நிறுவனம் தயாரித்து, விவேக் சோனி இயக்கி, 2021 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த காதல் நகைச்சுவைப் படம். சான்யா மல்ஹோத்ரா மீனாட்சி. அபிமன்யு தசானி சுந்தரேஷ்வர்.

தொடக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. பெண் பார்க்கக் கிளம்பிய குடும்பம், வீடு தெரியாமல் வேறொரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் மீனாட்சி, வந்த பையன் சுந்தரேஷ்வர். சாமியே போட்ட முடிச்சு என்று கல்யாணமும் நடந்துவிடுகிறது. மதுரையில் மட்டுமே பிறக்கக்கூடிய வேடிக்கை இது. போதாததற்கு, பெண் தீவிர ரஜினி ரசிகை. மாப்பிள்ளைக்குப் படம் பார்க்கும் பழக்கமே இல்லை. இதை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டியிருக்கலாம்.

ஆனால் கதை பெங்களூருக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு கம்பெனி, கல்யாணமாகாத பையன்களுக்குத்தான் வேலை தரும். மாப்பிள்ளை தாலி கட்டியதை மறைத்து வேலையில் சேர்கிறார். மீதிக் குடித்தனம் செல்போனில் நடக்கிறது. இந்தச் சிக்கல் லக்னோ தம்பதிக்கு வந்தால் என்ன, போபால் தம்பதிக்கு வந்தால் என்ன? மதுரை இதில் எங்கே இருக்கிறது?

வீட்டில் எல்லோரும் இந்தியிலேயே பேசுவதும், நடுவே 'ஐயோ', 'அப்பா' என்று தூவிக்கொள்வதும் தனிச் சோதனை. அதைக்கூட மன்னித்துவிடலாம். நம் படங்களில் சேட்டுக் கடைக்காரர் 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசியபோது விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தானே நாம்!

காஞ்சித் தறியில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இரண்டையும் கோர்வையாக நெய்வார்கள். நெசவாளருக்குத் துணையாகத் தறியில் இன்னொரு ஆள் வேண்டும். அப்படி நெய்தால் புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். இந்தப் படத்தில் மதுரை, பிறகு தைத்து ஒட்டிய கரை.

ஊரையும் கதையையும் சேர்த்து நெய்தவர்கள் இந்தியிலேயே இருந்திருக்கிறார்கள். கே.பாலசந்தர் தன் 'மரோ சரித்ரா' தெலுங்குப் படத்தை 1981இல் 'ஏக் தூஜே கே லியே' என்று எடுத்தார். தமிழ்ப் பையனாகக் கமல்ஹாசன், இந்திப் பெண்ணாக ரதி அக்னிஹோத்ரி. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாததுதான் அதில் சிரிப்பு, அதுவே தடையும். முடிவு சோகம் என்றாலும், முதல் பாதியின் குறும்பு இன்றைய காதல் நகைச்சுவைகளுக்குப் பாடம். 2014இல் வந்த '2 ஸ்டேட்ஸ்' அந்த உயரத்தை எட்டவில்லை. ஆனாலும் மேடையேறிப் பாட ஆசைப்படும் அம்மாவாக ரேவதி வந்ததும் ஒரு சென்னை வீடு கண்முன் வந்துவிட்டது. 'சென்னை எக்ஸ்பிரஸ்' (2013) வசூலில் கொழித்த படம். அதில் ரயில் நிற்கும் அருவி கோவாப் பக்கத்துத் தூத்சாகர். அந்தப் படத்திடம் ஊர் அடையாளம் கேட்பது நம் தவறு.

'ஹேரா பேரி', 'ஹங்காமா' என்று இந்தியில் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த பிரியதர்ஷன், தமிழுக்கு வந்து எடுத்த படம் 'காஞ்சிவரம்'. பட்டுடுத்திய பெண்ணைத்தான் மணப்பேன் என்று சொல்லி, அது முடியாமல் போன நெசவாளர் வேங்கடம், தன் மகளைப் பட்டுப்புடவையில் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுக்கிறார். கூலியில் அது நடக்காது. பட்டிழையை வாயில் அடக்கிக்கொண்டு வந்து வீட்டில் ரகசியமாக நெய்கிறார். அந்தப் புடவை அலங்காரத்துக்கு வந்ததல்ல, கதையே அதுதான். சிறந்த படத்துக்கும், வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகருக்குமாக 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகள் கிடைத்தன.

சான்யாவின் கலகலப்புக்காகவும், 'பண்ணையாரும் பத்மினியும்' புகழ் ஜஸ்டின் பிரபாகரனின் இசைக்காகவும் 'மீனாட்சி சுந்தரேஷ்வர்' பார்க்க விரும்புகிறவர்கள், மாப்பிள்ளை பெங்களூர் கிளம்பியதும் நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.