அந்தக் கல்லை ஏன் எறிந்தார்?

உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ வளரும் பிள்ளை திருப்பாணாழ்வார் கதையை எப்படியும் கேட்டிருக்கும். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட பாணர் வீட்டில் வளர்ந்தவர். அரங்கன் இருக்கும் தீவை மிதிக்காமல், காவிரியின் தென்கரையில் நின்றே பாடியவர். தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் கரைந்திருந்தவர் காதில் அது விழவில்லை. கல் வந்து பட்டு ரத்தம் வழிந்தது. பிறகு அரங்கன் கனவில் ஆணையிட, அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து சன்னதிக்குப் போனார்.

வீட்டில் சொல்லும்போது நாம் அவசரமாகத் தோளுக்கு வந்துவிடுகிறோம். பிள்ளை கல்லிலேயே நிற்கிறது: "ஏன் எறிந்தார்?" கோபக்காரர் என்று மழுப்ப வேண்டாம். சாதியைச் சொல்லி மனிதர்களை ஆற்றங்கரையிலும் கோயிலிலும் விலக்கி வைத்தார்கள், அது அநியாயம் என்று ஆறு வயதிலேயே சொல்லலாம். 1960இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், வெள்ளையர் பள்ளியில் சேர்ந்த கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ், கூடி நின்றவர்களின் வசவுகளுக்கு நடுவே காவலர் துணையோடு வகுப்புக்குப் போனபோது அவளுக்கும் ஆறு வயதுதான்.

வளர்ந்த பிள்ளையிடம் இன்னொன்றும் பேசலாம். ஆழ்வார் பாணருக்குப் பிறக்கவில்லை, நெல்வயலில் கிடைத்தவர் என்கிறது குருபரம்பரைக் கதை. ஒருவரைப் பெரியவராக ஏற்க, அவர் பிறப்பையே மாற்றிச் சொல்லும் தேவை ஏன் வந்தது?

கதையோடு நிறுத்தினால் சாதி ஏதோ பழங்காலத்துச் சங்கதி ஆகிவிடும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், இறந்த கிறிஸ்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்க எழுப்பிய சுவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடமும் தப்பவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தலித் மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது, மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

இவற்றைச் செய்ய ஆசிரியர் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எழுந்திருங்க" என்று வகுப்பு நடுவில் ஒருமுறை சொன்னால் போதும், எத்தனை நாள் நடத்திய பாடமும் வீணாகிவிடும். எழுந்து நிற்கும் பிள்ளை தலை குனிகிறது; உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஸ்காலர்ஷிப் பட்டியலை ஆசிரியர் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கலாம்.