கிட்னி குழாய் அடைப்புக்கு எந்திரக் கை ஆபரேஷன்!

சென்னை,
அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் முன்னால் 8 மணி நேரம் நிற்கிறவருக்குத் தண்ணீர் குடிக்கவே நேரம் கிடைப்பதில்லை. கல் வருகிறது. விலாவில் குத்துகிறது. ஒரு ஊசி போட்டதும் வலி நிற்கிறது. மறுநாளே ஷிப்டுக்குப் போய்விடுகிறார்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்!

கிட்னியில் இருந்து மூத்திரப் பைக்கு நீர் இறங்கும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அகலமோ சில மில்லிமீட்டர்தான். கல் அங்கே நாள்கணக்கில் மாட்டிக் கிடந்தால் தழும்பு விழுந்து குழாய் சுருங்கிவிடும். கர்ப்பப்பை ஆபரேஷனில் காயம் பட்டவர்களுக்கும், காசநோய் வந்தவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு. இறங்க வழியில்லாத நீர் தேங்கி, கிட்னி பலூன் மாதிரி வீங்கும். வலியே இல்லாமலும் இது நடக்கும். மாதக்கணக்கில் விட்டால் அந்தக் கிட்னி செத்துப் போகும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

தானாக அறுக்குமா?

ரோபோ என்றதும் எந்திரமே அறுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கைப்பிடிகளை அசைப்பார். வயிற்றில் போட்ட சின்னத் துளைகள் வழியே நுழைந்த எந்திரக் கைகள் அதன்படியே அசையும். உள்ளே இருப்பது பல மடங்கு பெரிதாகத் தெரியும். கை நடுக்கம் உள்ளே போகாது. மெல்லிய குழாயைத் தைக்க இது பெரிய வசதி.

சுருங்கிய துண்டை வெட்டிவிட்டு முனைகளைச் சேர்ப்பது ஒரு வழி. அடைப்பு நீளமாக இருந்தால்? நோயாளியின் உள்கன்னத்தில் இருந்து சவ்வை உரித்து எடுத்துக் குழாயில் ஒட்டுப் போடுகிறார்கள்! வாய்க்குள் எப்போதும் ஈரத்தில் இருக்கும் சவ்வு அது. மூத்திரம் பட்டாலும் தாங்குகிறது.

எல்லா அடைப்புக்கும் ரோபோ தேவையில்லை. சிக்கலான கேசுக்குத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில்

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் முதன்முதலாக, ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ரூ.34.60 கோடியில் ரோபோ ஆபரேஷன் மையம் திறக்கப்பட்டது. சட்டசபைக்காகக் கட்டி, 2014-ல் ஆஸ்பத்திரியாக மாறிய அதே கட்டிடம்தான். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோ ஏறினால், அடுத்த ஸ்டேஷன்.

ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். டாக்டர் சொன்ன நாளில் அதை எடுத்தாக வேண்டும். வலி இல்லையே என்று மறந்துபோய், அந்தக் குழாய் மேலேயே கல் கட்டிக்கொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு. அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன்! எடுக்கிற தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.